பெயரால் வீழ்ந்த பெட்டி

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பது நம்மவர் வழக்கம். நல்ல பொருள் தானே விலைபோகும், விலைபோகாத பொருளுக்கே கூவல் வேண்டும் என்னும் எண்ணம் அந்த வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றது. எழுத்துத் துறையிலும் கற்பித்தல் துறையிலும் உள்ளோரிடம் இவ்வெண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டதுமே வீதியோரத்துப் பலகையும் ஒலிபெருக்கியும் மிகைப்பேச்சுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதனை அறிவுடையோர்க்கு ஒவ்வாத தொழில் என்று கருதி ஒதுக்கிவிடுகின்றோம்.

ஆயின், பூவுக்கு மணம் உண்டு. கடையைக் கடந்து செல்வோருக்கு அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்கின்றது. மணமில்லாத பொருள் என் செய்யும்? வாங்கிச் சென்று வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்த்தாலன்றிப் பயன் தெரியாத ஒரு பொறி, தான் இன்னதென்று பிறர்க்கு எவ்வாறு உணர்த்தும்? அதனை ஆக்கியோரே வாய் திறந்து தெளிவாகச் சொல்லவேண்டும். சொல்லத் தவறினாலும், குழப்பமாகச் சொன்னாலும், பொருள் எத்துணை நன்றாயினும் அது கடைத் தட்டிலேயே உறங்கிப்போகும்.

இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள விரும்புவது, ஜப்பானின் கியோட்டோ நகரத்து நின்டென்டோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வீ யூ' என்னும் வீடியோ விளையாட்டுப் பொறியின் வரலாறு. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். இது விளையாட்டின் கதையாகத் தோன்றினாலும், உள்ளே புகுந்து பார்த்தால் சொல்லின் கதை என்பது விளங்கும். ஒரு பெயரும், அப்பெயரோடு பொருளை அறிமுகஞ் செய்த முறையும், பல்லாண்டு உழைப்பை எவ்வாறு விழுங்கின என்பதே இங்கு நாம் காணப்போவது.

வாக்குறுதியை விற்கும் வியாபாரம்

'கொன்சோல்' என்று வழங்கும் இந்த விளையாட்டுப் பெட்டிக்கு ஏனைய சரக்குகளுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. சவர்க்காரம் வாங்குபவன் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வேறொன்றை வாங்கலாம். விளையாட்டுப் பெட்டியை வாங்குபவனோ ஐந்தாறு ஆண்டுகளுக்கு அதனோடு வாழ முடிவு செய்கின்றான். பெட்டி மட்டும் இருந்து பயனில்லை. அதில் விளையாடத்தக்க ஆட்டங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருத்தல் வேண்டும். அவற்றுட் பலவற்றை ஆக்குவோர் பெட்டியைச் செய்த நிறுவனத்தார் அல்லர். வெளியே உள்ள பதிப்பு நிறுவனங்கள். அவர்களோ, இந்தப் பெட்டி எத்தனை வீடுகளில் இருக்கின்றது என்று எண்ணிப் பார்த்த பின்னரே முதல் போடுவார்கள்.

ஆகவே, புதிய பெட்டியை விற்பவன் உண்மையில் விற்பது ஒரு வாக்குறுதியையே. வாங்குவோர் பலர் வருவர் என்று அவன் பதிப்பாளரை நம்பவைக்கவேண்டும். ஆட்டங்கள் பல வரும் என்று வாங்குவோரை நம்பவைக்கவேண்டும். இரு சாராரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவே நின்று முதற் சொல்லைச் சொல்லவேண்டியவன் அவனே. அந்த முதற் சொல் தடுமாறினால் இரு பக்கமும் பின்வாங்கும். வெளியீட்டுக் காலத்துக் குழப்பம் ஏனைய பொருள்களைக் காயப்படுத்துகின்றது என்றால், இந்தப் பெட்டியைக் கொன்றேவிடக்கூடும்.

இடுகுறிப் பெயரின் வெற்றி

வீ யூவின் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் கற்றவர்கள் நாம். வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கும்போது நான் இக்கதையைச் சொல்வதுண்டு.

நின்டென்டோ 1889இல் பூப்படம் வரைந்த சீட்டுக்கட்டுகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் அது 'வீ' என்னும் பெட்டியை வெளியிட்டது. பெயர் அறிவிக்கப்பட்டபோது நகைத்தவர் பலர். அது எந்த மொழியிலும் பொருள் தரும் சொல்லன்று. ஒலியளவில் மட்டும் ஆங்கிலத்தில் 'நாம்' எனப் பொருள்படும் சொல்லை ஒத்திருந்தது. எனினும் நகைப்பு விரைவில் அடங்கியது. காரணம், பெயருக்குப் பின்னால் நின்ற பொருளை விளக்கச் சொற்களே தேவைப்படவில்லை. கையில் ஒரு சிறு கோல். அதனை வீசினால் திரையில் ரென்னிஸ் மட்டை வீசுகின்றது. பக்கத்தில் நின்று ஒரு கணம் பார்த்தவர்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொத்தான்களைக் கண்டு அஞ்சிய தாய்மாரும் பாட்டன்மாரும் கோலைக் கையில் எடுத்தார்கள். மேலைநாடுகளில் முதியோர் இல்லங்களில் இதனைக் கொண்டு பந்துருட்டி விளையாடினார்கள் என்பது அக்காலத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்தி.

அமெரிக்காவில் 250 டொலருக்கு, 'வீ ஸ்போர்ட்ஸ்' என்னும் விளையாட்டுத் தொகுதியையும் உடன் கொடுத்து விற்றார்கள். அதே மாதத்தில் சோனி தனது பிளேஸ்டேஷன் 3ஐ 500, 600 டொலருக்கு விற்றது. வீ தன் ஆயுட்காலத்தில் 10 கோடியே 16 இலட்சத்துக்கு மேல் விற்றது. பொருளில்லாத இடுகுறிப் பெயர் ஒன்று, பொருளின் தெளிவினால் உலகெங்கும் பொருள் பெற்றது.

இவ்வெற்றியோடு வேறொரு பழக்கமும் மக்களிடம் ஏற்பட்டது. வீயை வாங்கியோர் அதற்கு உபகரணங்கள் வாங்கினார்கள். ஏறி நிற்கும் பலகை ஒன்று. காரோட்டும் சக்கரம் ஒன்று. சுடுகருவி போன்ற உறை ஒன்று. கோலின் அடியில் பொருத்தும் சிறு துண்டு ஒன்று. ஒவ்வொன்றும் வெண்ணிறப் பிளாஸ்ரிக்கினால் ஆனது. ஒவ்வொன்றின் பெயரிலும் 'வீ' என்ற அடையாளம் நின்றது. 'வீ' என்று தொடங்கி மற்றொரு சொல்லால் முடியும் பெயர் எதுவாயினும், அது வீட்டில் உள்ள பெட்டிக்கு மாட்டும் ஒரு துணைக்கருவி என்று மக்கள் ஐந்தாண்டு காலம் பயின்றுகொண்டார்கள். அப்பயிற்சியை அளித்தவர் நின்டென்டோவினரே.

சினையைக் காட்டி முதலை மறைத்தார்கள்

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடந்துவந்த பெரும் விளையாட்டுக் கண்காட்சியில் வீயின் வாரிசு அறிவிக்கப்பட்டது. பெயர் 'வீ யூ'. 'நாம்' என்பதோடு 'நீ' என்பதும் சேர்ந்தது, எல்லோரும் கூடி மகிழ்வதற்கும் ஒவ்வொருவர்க்கும் தனியே உரியதாவதற்கும் ஏற்றது என்று நிறுவனத்தார் விளக்கினர். விளக்கம் அழகானது. ஆனால் விளக்கத்தைக் கேட்டவர்கள் மண்டபத்துக்குள் இருந்த சில ஆயிரம் பேர். பெயரைக் கேட்டவர்களோ உலகெங்கும் உள்ள கோடிக்கணக்கானோர்.

தமிழ் படித்தவர்க்கு இதன் சிக்கல் உடனே புலப்படும். செங்குவளை என்றால் அது குவளையின் ஒரு வகை, வேறொரு பூவன்று. பெயரோடு ஓர் அடை சேரும்போது, கேட்பவர் மனம் பழைய பொருளையே எண்ணி அதன் ஒரு வகையையே கொள்கின்றது. வீ யூ என்னும் பெயரும் அவ்வாறே செயற்பட்டது. வீயில் ஏதோ ஒரு வகை, வீக்கு ஏதோ ஒரு சேர்க்கை என்றே கேட்டவர் கொண்டனர். சோனி தன் பெட்டிகளுக்கு 2, 3, 4 என்று எண்ணிட்டு வந்தது. அதில் கற்பனை இல்லை. ஆனால் ஏழாம் வகுப்புக்குப் பின் எட்டாம் வகுப்பு என்பதுபோல, புதியது எது, பழையது எது என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

பெயர் தந்த மயக்கத்தை அறிமுக நிகழ்ச்சி இன்னும் வளர்த்தது. புதிய பொறியின் சிறப்பு, அதன் கைக்கருவியில் அமைந்த 6.2 அங்குலத் தொடுதிரை. தொலைக்காட்சியில் ஒரு காட்சியும் கையில் உள்ள திரையில் வேறொரு காட்சியும் காணலாம். வீட்டார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கையில் பிள்ளை தன் கைத்திரையிலேயே ஆட்டத்தைத் தொடரலாம். நிறுவனத்தாருக்கு இக்கைக்கருவியின் மீதே முழுப் பெருமிதமும். ஆகையால் மேடையிலும் திரைப்படத்திலும் அதனையே மீண்டும் மீண்டும் காட்டினார்கள். பெட்டியோ காட்சியின் ஓரத்தில், கவனியாதவர் கண்ணுக்குத் தப்பும் அளவில் கிடந்தது. அதனைத் தனியே எடுத்துக் காட்டி, "இது புதிய பொறி" என்று அழுத்திச் சொல்லவில்லை.

முதலும் சினையும் என்று நம் இலக்கணம் பேசும். உறுப்பு சினை, உறுப்புக்களையுடையது முதல். நின்டென்டோ சினையைக் காட்டி முதலை மறைத்தது. கண்டவர்களோ சினையையே பொருள் என்று கொண்டு, அதற்குரிய முதல் தம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய வீ என்று முடிவு செய்தார்கள். புதிய பெட்டியில் பழைய வீயின் கோல்களும் ஆட்டங்களும் பயன்படும் என்ற நல்ல செய்தியும் இம்மயக்கத்துக்கே துணைபோயிற்று. அறிவிப்பின் மறுநாளே நிறுவனத்தின் பங்கு விலை வீழ்ந்தது. புதிய பெட்டியின் படம் ஒன்றையேனும் தெளிவாகக் காட்டியிருக்கவேண்டும் என்று தலைவர் சட்டோரு இவாட்டா பின்னர் கூறினார்.

ஐயம் தீராத கடைத்தெரு

அறிமுகத்தில் நேர்ந்த குறையை வெளியீட்டுக்குள் திருத்திவிடலாம் என்று நாம் நினைப்போம். பதினேழு மாத அவகாசம் இருந்தது. எனினும் பெயர் மாறவில்லை. காட்டும் முறையும் பெரிதாக மாறவில்லை.

2012 நவம்பர் 18ஆம் திகதி அமெரிக்காவில் வீ யூ விற்பனைக்கு வந்தது. வெண்ணிறப் பெட்டி 300 டொலர். சேமிப்பிடம் மிகுந்த கருநிறப் பெட்டி 350 டொலர். அடுத்த மாதமே, டிசெம்பர் 7ஆம் திகதி, கனடாவில் நின்டென்டோ வேறொரு பெட்டியை வெளியிட்டது. அதன் பெயர் 'வீ மினி'. அது பழைய வீயின் மலிவுப் பதிப்பு. பண்டிகைக் காலத்தில் பிள்ளைக்குப் பரிசு வாங்கச் சென்ற ஒரு தந்தையை எண்ணிப் பார்க்கின்றேன். தட்டில் வீ, வீ மினி, வீ யூ ஆகிய மூன்றும் இருக்கின்றன. எது எதற்கு மூத்தது, எது எதன் துணை என்று அவர் எவ்வாறு அறிவார்? வீ தான் வீட்டில் இருக்கின்றதே என்று எண்ணித் திரும்பியிருப்பாரானால் அவரைக் குறை கூற முடியாது.

எண்கள் அக்கதையைச் சொல்லுகின்றன. 2013 மார்ச் மாத இறுதிக்குள் 55 இலட்சம் விற்கும் என்று நிறுவனம் முதலில் கணித்தது. பின் அதனை 40 இலட்சமாகக் குறைத்தது. விற்றதோ 34½ இலட்சம். அடுத்து வந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதங்களில் உலகம் முழுவதிலும் விற்றவை 1 இலட்சத்து 60 ஆயிரம் மட்டுமே. 2014 மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு 90 இலட்சம் என்று கணித்தவர்கள், ஜனவரியில் அதனை 28 இலட்சமாகக் குறைக்கவேண்டியதாயிற்று. அக்கணிப்பையும் எட்டவில்லை.

மக்களின் மயக்கத்தை நிறுவனத்தார் அறியாமல் இருக்கவில்லை. 2013 ஏப்ரலில் முதலீட்டாளர் முன் பேசிய இவாட்டா, வீ யூ என்பது பழைய வீயோடு ஒரு கைத்திரை சேர்ந்ததே என்று எண்ணுவோரும், கைத்திரையைப் பழைய வீயில் மாட்டும் துணைக்கருவி என்று எண்ணுவோரும் உள்ளனர் என்பதை ஒப்புக்கொண்டார். வெளிவந்து ஐந்து மாதம் கழிந்த பின்னரும், அப்பொருள் யாதென்பதே மக்களுக்குத் தெரியவில்லை என்று அதன் தலைவரே சொல்ல நேர்ந்தது.

இவாட்டா வெறும் வியாபாரி அல்லர். இளமையில் தாமே கணினி நிரல் எழுதி ஆட்டங்கள் ஆக்கியவர். அவரிடம் கலையறிவுக்கோ உழைப்புக்கோ குறைவிருக்கவில்லை. குறை நேர்ந்த இடம், உள்ளிருப்பவனுக்கு விளங்குவது வெளியிலிருப்பவனுக்கும் விளங்கும் என்று கொண்ட இடம். பொருளோடு பல ஆண்டு வாழ்ந்தவனுக்கு அதன் பெயர் அந்தப் பொருளாகவே ஒலிக்கும். முதன்முதல் கேட்பவனுக்கு அது வெறும் ஒலி. இவ்விடைவெளியை ஆசிரியத் தொழிலில் உள்ள நாமெல்லோரும் நாள்தோறும் வகுப்பில் காண்கின்றோம்.

சங்கிலி அறுந்த விதம்

வாங்குவோர் தயங்கியபோது பதிப்பாளர் பின்வாங்கினர். இதற்கு 'ரேமன் லெஜண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தின் கதை ஒன்று போதும். பிரான்ஸ் நாட்டு நிறுவனமான யூபிசொவ்ட் அதனை வீ யூவுக்கென்றே ஆக்கியது. கைத்திரையைத் தொட்டு விளையாடுவதற்கேற்ப அதன் கட்டங்கள் பல அமைக்கப்பட்டிருந்தன. 2013 பெப்ரவரி இறுதியில் வெளிவரவேண்டியது. அம்மாதத் தொடக்கத்திலேயே, ஆட்டம் ஏனைய பெட்டிகளுக்கும் செல்லும், ஆகவே செப்டெம்பர் வரை அனைவரும் காத்திருக்கவேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. வீ யூவை நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஆட்டத்தை ஆக்கிய கலைஞரிடையேயும் மனக்குறை எழுந்தது. ஆனால் கணக்கு என்னவோ தெளிவானது. சில இலட்சம் வீடுகளை நம்பி முதல் போட எந்தப் பதிப்பாளர் துணிவார்?

வெளி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகவே, ஆட்டங்கள் குறைந்தன. ஆட்டங்கள் குறையவே, வாங்குவோர் மேலும் குறைந்தனர். முதல் மயக்கத்தைத் தீர்த்துக்கொண்டு, இது புதிய பெட்டிதான் என்று தெளிந்தவர்க்கும் இப்போது வாங்காமல் இருக்கக் காரணம் கிடைத்துவிட்டது. குழப்பத்தில் தொடங்கிய நோய் வறுமையாக மாறியது. 2017 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது வீ யூவின் முழு விற்பனை 1 கோடியே 35 இலட்சம் என்ற அளவிலேயே நின்றது. முன்னோன் விற்றதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு.

மறுப்பும் விடையும்

இவ்வளவையும் விளம்பரத்தின் தலையில் சுமத்துவது முறையா என்று கேட்போர் உளர். அவர்கள் கேள்வி நியாயமானதே. வீ யூ வேகத்தில் பின்தங்கிய பொறி. ஓராண்டுக்குள், 2013 நவம்பரில், சோனியின் பிளேஸ்டேஷன் 4உம் மைக்றோசொவ்டின் எக்ஸ்பொக்ஸ் வன்னும் வந்து அதனை மேலும் பழையதாகக் காட்டின. கைத்திரையின் மின்கலம் சில மணி நேரமே தாக்குப்பிடித்தது. 2010ஆம் ஆண்டு முதல் அப்பிளின் ஐபேட் வீடுகளுக்குள் புகுந்துவிட்டதால், தொடுதிரை என்பதே வியப்பளிக்கும் பொருளாக இருக்கவில்லை. இவை அனைத்தும் உண்மை.

ஆயினும் இவை வீ யூவின் முதற்கேட்டை விளக்கமாட்டா. வேகம் குறைந்த பொறி என்று ஒதுக்குவதற்கும் அது ஒரு தனிப் பொறி என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். பழைய வீயும் தன் காலத்துப் போட்டியாளரைவிட வேகத்தில் குறைந்ததே; அது விற்றது. ஆகவே வேகக் குறைவு ஒன்றே கொல்லும் என்று கொள்ள இடமில்லை.

மற்றொரு புறம், பெயர்க் குழப்பம் ஒன்றே கொல்லும் என்றும் நான் சொல்லவில்லை. இதே நிறுவனம் 2011இல் '3டீஎஸ்' என்னும் கையடக்கப் பொறியை வெளியிட்டது. அதன் முன்னோன் 'டீஎஸ்'. தோற்றமும் பெயரும் ஒத்திருந்தமையால் அங்கும் மயக்கம் எழுந்தது; விற்பனை தளர்ந்தது. ஆறு மாதத்துக்குள் விலையை 250 டொலரிலிருந்து 170 டொலராக வெட்டினார்கள்; விரைந்து நல்ல ஆட்டங்களைத் தந்தார்கள். அது பிழைத்து ஏழரைக் கோடி விற்றது. வீ யூவுக்கு அத்தகைய விரைந்த மருத்துவம் நடக்கவில்லை. விலையில் 50 டொலர் குறைந்தது 2013 செப்டெம்பரில். அதற்குள் பதிப்பாளர் போய்விட்டனர். தவறான அறிமுகம் ஒரு காய்ச்சல் போன்றது. உடனே கவனித்தால் மாறும். கவனியாதுவிட்டால் ஏனைய நோய்கள் அனைத்துக்கும் கதவு திறந்துவிடும்.

சொல்லாமல் வந்த விருந்து

பெயரும் படமும் தெளிவாக இருந்தும், சொல்லும் காலத்தைத் தவறவிட்டதால் கெட்ட பெட்டியும் ஒன்று உண்டு. அது சேகா நிறுவனத்தின் 'சட்டர்ன்'. அமெரிக்காவில் 1995 செப்டெம்பர் 2ஆம் திகதி, ஒரு சனிக்கிழமையன்று, அது வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. சோனி தன் முதற் பிளேஸ்டேஷனோடு வரவிருந்த காலம். முந்திக்கொள்ள விரும்பிய சேகா, மே 11ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் திடீரென ஒரு செய்தியை வெளியிட்டது. பெட்டி இன்றே கடைகளில் கிடைக்கின்றது. விலை 399 டொலர். மேடையில் சொன்னவர் அமெரிக்கக் கிளைத் தலைவர் டொம் கலின்ஸ்கே.

அது வியப்பை ஊட்டியது, மகிழ்ச்சியை ஊட்டவில்லை. பெட்டிகள் சென்றது நான்கே நான்கு கடைத் தொடர்களுக்கு. ஏனைய வியாபாரிகள் தாம் அவமதிக்கப்பட்டதாகக் கருதினர். 'கேபீ டோய்ஸ்' என்னும் பெருங்கடைத் தொடர் சட்டர்னை விற்கவே மறுத்தது. செப்டெம்பரைக் குறித்து உழைத்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர் கையில் முடிந்த ஆட்டம் இல்லை. அன்றே சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் றேஸ் என்பவர் மேடையேறி 299 என்ற எண்ணை மாத்திரம் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் பேசிய அந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்றுவரை பேசுகின்றார்கள்.

இங்கும் நேர்மையோடு சொல்வதானால், சட்டர்னின் உள்ளமைப்பு ஆட்டம் ஆக்குவோர்க்குக் கடினமாக இருந்தது என்பதும் அதன் தோல்விக்கு ஒரு காரணம். ஜப்பானில் அது ஓரளவு நன்றாகவே விற்றது. ஆயினும் அமெரிக்காவில், தன் பொருளை விற்றுத் தரவேண்டியவர்களையே முதல் நாளில் பகைத்துக்கொண்டது, எந்தப் பொறியியலாலும் ஈடுசெய்ய இயலாத இழப்பு. சட்டர்ன் உலகளவில் ஏறத்தாழ 93 இலட்சம் விற்றது. பிளேஸ்டேஷனோ 10 கோடியைத் தாண்டியது. 2001இல் சேகா பெட்டி செய்யும் தொழிலையே கைவிட்டது.

அதே ஆட்டம், வேறு சொல்

மீண்டும் நின்டென்டோவுக்கு வருவோம். ஏனெனில், விளம்பரமே வேறுபாடு என்பதற்கு இதனினும் நல்ல சோதனை கிடைப்பது அரிது.

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி அந்நிறுவனம் மூன்றரை நிமிடப் படம் ஒன்றை வெளியிட்டது. ஓர் இளைஞர் வீட்டில் தொலைக்காட்சியில் விளையாடுகின்றார். வெளியே செல்ல நேரும்போது தொலைக்காட்சிக்கு அருகில் உள்ள தாங்கியிலிருந்து பொறியை உருவி எடுக்கின்றார். அதே ஆட்டம் கையில் தொடர்கின்றது. விளக்கவுரை இல்லை. பொறியின் பெயர் 'சுவிச்'. மாற்று என்பதே அச்சொல்லின் பொருள். மாற்றுவதே அப்பொறியின் தொழில். இடுகுறியில் தொடங்கி, இடுகுறிக்கு அடை சேர்த்து இடறிய நிறுவனம், இம்முறை காரணப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டது.

சுவிச்சும் தன் காலத்துப் பொறிகளுள் வேகமானதன்று. வீட்டாரின் தொலைக்காட்சியை விட்டுவிட்டுக் கைத்திரையில் விளையாடலாம் என்ற அதன் அடிப்படைக் கருத்தும் வீ யூ கொண்டிருந்த கருத்தின் வளர்ச்சியே. வீ யூவுக்கு ஆக்கிய ஆட்டங்கள் பல, சிறு மாற்றங்களோடு சுவிச்சுக்கு வந்தன. அவற்றுள் 'மரியோ கார்ட் 8' என்பதை எடுத்துக்கொள்வோம். 2014இல் வீ யூவில் வெளிவந்த அது சுமார் 84 இலட்சம் விற்றது. வீ யூ வைத்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் அதனை வாங்கினர் என்பது இதன் பொருள். 2017இல் அதே ஆட்டம் சில சேர்க்கைகளோடு சுவிச்சில் வெளிவந்து 6 கோடிக்கு மேல் விற்றது. ஆட்டத்தில் குறையில்லை. அது நின்ற வீட்டின் வாசற் பலகையில் எழுதியிருந்தது வாசிப்பாருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். சுவிச் 15 கோடிக்கு மேல் விற்றது. அதனைத் திட்டமிடத் தொடங்கிய இவாட்டா, அது வெளிவருமுன், 2015 ஜூலையில் காலமானார்.

2025 ஜூன் 5ஆம் திகதி சுவிச்சின் வாரிசு வந்தது. அதன் பெயர் 'சுவிச் 2'. கற்பனையற்ற பெயர் என்று சிலர் கூறினர். முதல் நான்கு நாளில் அது 35 இலட்சத்துக்கு மேல் விற்றது. வீ யூ அந்த எண்ணிக்கையைத் தொட நான்கு மாதத்துக்கு மேல் எடுத்தது.

சொல்லும் படைப்பின் பகுதியே

படைப்பு வேறு, அதனை எடுத்துச் சொல்வது வேறு, முன்னது உயர்ந்தது, பின்னது கூலிக்காரர் தொழில் என்று நாம் பிரித்து வைத்திருக்கின்றோம். இவ்வரலாற்றைப் படித்த பின் அந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. இப்பொருள் யாது, எவர்க்கு உரியது, முன்னதிலிருந்து எதனால் வேறுபட்டது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூறுவதும் படைப்பவன் கடமையே. மிகைப்பேச்சு இவ்விடையைத் தராது. பொருளை அறியாத ஒருவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் பணிவே தரும்.

வீ யூவுக்கு ஆட்டங்களை விற்ற இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் பலர் இணையவழி ஒன்றுகூடி விளையாடும் சேவையும் நிறுத்தப்பட்டது. ஒருவர் கையில் உள்ள திரையில் தெரிவது மற்றவர்க்குத் தெரியாமல், ஒளிந்தும் தேடியும் விளையாடும்படி அதற்கென்றே சில ஆட்டங்களை ஆக்கியிருந்தார்கள். இரண்டு திரைகளும் ஒருங்கே இருந்தாலன்றி அவை உயிர் பெறா. ஆகையால் ஏனையவற்றைப் போல அவற்றால் சுவிச்சுக்குக் குடிபெயர இயலவில்லை. அந்தப் பெட்டியை வாங்கிய சிலரது வீட்டில், கைத்திரையின் மின்கலம் தாங்கும் காலம்வரை, அவை இருக்கும். அவற்றைச் செய்தவர்கள் தம் வேலையைச் செவ்வனே செய்தவர்கள். அவர்களுக்காக ஒரு தெளிவான வாக்கியத்தைச் சொல்லியிருக்கவேண்டியவர்கள், அதனை உரிய நேரத்தில் சொல்லவில்லை.